எங்கள் கடலுக்கு ஏற்ற படகு

படகு வாங்குவதும் மாடு வாங்குவதும் ஒன்று என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கொம்பின் வளைவையும் தோலின் மினுக்கத்தையும் கண்டு மயங்கி மாடு வாங்குகிறவன், அது தின்னும் தீனியின் அளவையும் கறக்கும் பாலின் அளவையும் தொழுவத்திலே கட்டிய பின்னரே அறிகின்றான். படகு வாங்குகிறவனும் அவ்வாறே. பளிச்சென்ற வெள்ளைப் பூச்சையும் கண்ணாடிச் சாளரங்களையும் மெத்தை தைத்த ஆசனங்களையும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றான். விலை கொடுப்பது ஒரு நாள், எண்ணெய்க்குக் கொடுப்பது எந்நாளும் என்பது அப்போது அவன் நினைவுக்கு வருவதில்லை.

நான் எழுவைதீவிற் பிறந்தவன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளுள் வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, காரைநகர் ஆகியன தாம்போதிகளாலும் பாலங்களாலும் நிலத்தோடு இணைந்துவிட்டன. எழுவைதீவும் அனலைதீவும் நயினாதீவும் நெடுந்தீவும் இன்றும் நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுகளாகவே இருக்கின்றன. அவற்றுள்ளும் எழுவைதீவு மிகச் சிறியது. பனங்கூடலும் மணற்பாதையும் கோயிலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் கொண்ட அந்த ஊரை ஒரு காலை நேரத்திற் சுற்றி நடந்துவிடலாம். ஆனால் அரிசிக்கும் மருந்துக்கும் கல்யாணத்துக்கும் மரணவீட்டுக்கும் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் படகேறியே ஆகவேண்டும். பிற ஊரார்க்குத் தெரு எதுவோ, எங்களுக்குக் கடல் அது.

கனடாவிலே முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற என் தமையனார், சென்ற ஆண்டு எனக்கொரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். ஒன்ராறியோ ஏரியில் நண்பர்களின் உல்லாசப் படகுகளில் ஏறிப் பழகியவர் அவர். இனி ஆண்டிற் பாதியை ஊரிற் கழிக்க விரும்புவதாகவும், மனைவியோடும் பேரப்பிள்ளைகளோடும் ஊர்காவற்றுறையிலிருந்து நயினாதீவு, நெடுந்தீவு, காங்கேசன்துறை என்று கரையோரமாக உலாவி வர ஒரு மோட்டார்ப் படகு வாங்கப்போவதாகவும் எழுதியிருந்தார். நாலைந்து படகுகளின் படங்களும் உடன் வந்தன. இரண்டு நிபந்தனைகளை அடிக்கோடிட்டிருந்தார். ஒன்று, எண்பத்திரண்டு வயதான எங்கள் தாயார் அதில் ஏறி இறங்கக்கூடியதாக இருக்கவேண்டும். மற்றது, அதன் எண்ணெய்ச் செலவு அவருடைய ஓய்வூதியத்தை விழுங்காததாக இருக்கவேண்டும். கல்லூரியிலே பௌதிகம் கற்பிப்பவன் என்பதனால், இவற்றுள் எது நல்லது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் நிபந்தனையின் கனத்தை நான் நன்கு அறிவேன். எங்கள் தாயார் எழுவைதீவை விட்டு வர மறுப்பவர். மாதமொருமுறை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அவருக்குக் கிளினிக் உண்டு. படகில் ஏறுகையில் ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் இடுப்பைத் தாங்க, அலை படகைத் தூக்கும் கணம் பார்த்துக் காலெடுத்து வைப்பார். அந்த ஒரு கணத்தில் எங்கள் எல்லோருடைய மூச்சும் நின்றுபோகும். ஆதலின் தமையனார் உல்லாசத்துக்கென்று கேட்ட படகு, எங்கள் வீட்டுக்கு அவசியமான படகுமாயிற்று. சரியான கலம் அமைந்தால் தாயார் இன்னும் சில ஆண்டுகள் தம் முற்றத்திலேயே வாழலாம். அமையாவிட்டால் அவரை வலிந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரவேண்டியதுதான்.

படங்களை எடுத்துக்கொண்டு எங்கள் அயலிலுள்ள முதிய ஓட்டி ஒருவரிடம் சென்றேன். பாய்வள்ளக் காலத்திலிருந்து இக்கடலில் ஓடியவர். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி விலையைப் பற்றியதுமன்று, வேகத்தைப் பற்றியதுமன்று.

"தம்பி, உது எல்லாம் நல்ல வடிவுதான். ஆனா தண்ணிக்குள்ளை எவ்வளவு தாழும் எண்டு உதிலை எழுதியிருக்கே?"

எழுதியிருந்தது. நாலரை அடி என்றிருந்தது ஒன்றில்.

"அப்ப அது எங்கடை துறைக்கு வராது. நடுக்கடலிலை நங்கூரம் போட்டிட்டு, அம்மாவை வேறை வள்ளத்திலை ஏத்தித்தான் கொண்டுபோகவேணும்" என்றார்.

பாக்கு நீரிணையின் இயல்பை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டார் அவர். இக்கடல் உலகத்தின் ஆழமற்ற கடல்களுள் ஒன்று. பெரும்பகுதி பதினைந்து மீற்றருக்கும் குறைந்த ஆழமே உடையது. எங்கள் தீவுகளை அண்டிய பல இடங்களில் மரக்கோல் ஊன்றி வள்ளத்தைத் தள்ளிச் செல்லலாம். வெள்ளைமணலும் பாரும் சாதாழையும் மாறி மாறி வரும். வலைகளும் கூடுகளும் இறக்கிய இடங்கள் வேறு. ஆழ்கடலுக்கென்று கட்டிய படகு இங்கு வந்தால், யானையை ஒழுங்கைக்குள் விட்டதுபோலாகும். எனவே எங்கள் பகுதிக்குப் படகு தேடுகிறவர் முதலிற் பார்க்கவேண்டியது, அது நீருள் அமிழும் ஆழம். இரண்டரை அடி, மிஞ்சினால் மூன்று அடி. அதற்கு மேற்பட்டதை, எத்துணை அழகாயினும், படத்தோடு வைத்துவிடுவதே நன்று.

காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். சித்திரை கழிந்ததும் சோளகம் எழுந்து மாதக்கணக்காக வீசும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கிக் கடலைக் கலக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள அமைதியான வாரங்களே உல்லாசப் பயணத்துக்கு உகந்தவை. ஆழமற்ற கடலில் எழும் அலை உயரமானதன்று, ஆனால் குறுகியது, நெருக்கமானது. ஒன்றிலிருந்து இறங்குமுன் அடுத்தது வந்து மோதும். தட்டையான அடிப்பாகமுடைய விரைவுப் படகு இவ்வலைகளின்மீது செல்லும்போது கல்லுத் தெருவில் ஓடும் வண்டிபோல் அடிபடும். உள்ளே இருப்பவரின் முதுகெலும்பு அதற்கு விலை கொடுக்கும்.

இனி வேகத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவைப் பார்ப்போம். மாணவர்கள் இப்பகுதியைச் சற்று ஊன்றிப் படித்தல் நலம். ஒரு படகு நீரைப் பிளந்து செல்லும்போது அணியத்தில் ஓர் அலையை எழுப்புகின்றது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகின்றது. அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகும் வேகமொன்று உண்டு. அப்போது படகு தன் அணியத்தை ஒரு முகட்டிலும் கடையாரை அடுத்த முகட்டிலும் வைத்து நடுவே பள்ளத்திற் கிடக்கும். அதற்கு மேலும் விரட்டினால் பின்முகடு விலகிச் செல்ல, கடையார் தாழ்ந்து அணியம் உயர்ந்து, தான் எழுப்பிய அலைமீது தானே ஏற முயலும் நிலை படகுக்கு உண்டாகின்றது. மேட்டில் ஏறும் பாரவண்டி அது. எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் வேகம் சிறிதே கூடும்.

இவ்வுண்மையை முறையாக ஆராய்ந்தவர் வில்லியம் ஃபுரூட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். 1810இற் பிறந்து 1879இல் மறைந்த அவர், 1872 அளவில் டோர்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, சிறிய மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்து அளந்து பார்த்தார். அவர் வழிவந்த எளிய கணக்கொன்று இன்றும் வழங்குகின்றது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆற் பெருக்கினால், அப்படகு சிரமமின்றிச் செல்லக்கூடிய உச்ச வேகம் நொட் அளவில் வரும். நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீற்றர், செல்லும் வேகம். 36 அடிப் படகுக்கு வர்க்கமூலம் 6. ஆகவே அதன் எல்லை ஏறத்தாழ 8 நொட்.

இந்த எல்லையை மீறும் வழியும் உண்டு. சிறுவர்கள் குளத்தில் ஓட்டுத்துண்டை எறிந்து துள்ளவிடுவதுபோல, படகையே நீர்மட்டத்தின் மேல் தூக்கி வழுக்கவிடுவது. அதற்குத் தட்டையான அடியும் குறைந்த பாரமும் பெருவலுவுள்ள எஞ்சினும் வேண்டும். தமையனார் அனுப்பிய படங்களுள் மிக அழகியது இவ்வகையானதே. இருபக்கமும் 150 குதிரைவலு எஞ்சின்கள், 20 நொட் வேகம் என்று அதன் கீழ் எழுதியிருந்தது.

நான் கணக்குப் போட்டேன். டீசல் எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ ஐந்திலொரு லீற்றர் குடிக்கும். 300 குதிரைவலுவும் உழைத்தால் மணிக்கு 60 லீற்றர். 20 நொட் வேகத்தில் கடல்மைலுக்கு 3 லீற்றர். ஊர்காவற்றுறையிலிருந்து எங்கள் துறைக்கு நாலு கடல்மைல் என்று வைத்துக்கொண்டால் 12 லீற்றர். அதே நீளமுள்ள, நீரைப் பிளந்து செல்லும் படகு 25 குதிரைவலுவில் 7 நொட் சென்றால் மணிக்கு 5 லீற்றர். நாலு கடல்மைலுக்கு 3 லீற்றருக்கும் குறைவு. முன்னது 12 நிமிடத்திற் சேரும், பின்னது 34 நிமிடத்திற் சேரும். அதாவது ஒருவழிப் பயணத்தில் 22 நிமிடங்களை மிச்சம்பிடிக்க 9 லீற்றர் எண்ணெயை எரிக்கின்றோம். அந்த 22 நிமிடங்களில் நாம் செய்யப்போவதுதான் என்ன? இறங்குதுறையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுதான்.

இன்னுமொன்று. எல்லை வேகத்துக்கு உட்பட்ட படகிலும் நிதானத்துக்குப் பரிசுண்டு. தேவைப்படும் வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏறத்தாழ ஏற்றவாறு கூடுவது. ஆகவே வேகத்தை ஐந்திலொரு பங்கு குறைத்தால் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதை நான் ஓட்டிக்கு விளக்கியபோது அவர் சிரித்தார்.

"கடலிலை எண்ணெய் குடிக்கிறது எஞ்சின் இல்லைத் தம்பி. எங்கடை அவசரம்" என்றார். என்னுடைய பாடம் முழுவதையும் அவர் ஒரு வரியிற் சொல்லிவிட்டார்.

எஞ்சினைத் தேர்தலிலும் சில விதிகள் உள. எங்கள் கடலில் மீன்பிடி வள்ளங்கள் பெரும்பாலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியவை. பழைய மாதிரி டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில், எரியாத எண்ணெய் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியேறிவிடும். நாலிலொரு பங்குவரைகூட அவ்வாறு வீணாகலாம். இறங்குதுறையில் நீரின்மேல் வானவில் வர்ணத்திற் படர்ந்திருப்பது பெரும்பாலும் அதுதான். குடும்பத்தோடு உலாவும் படகுக்கு உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின் ஒன்றே சிறந்தது. பெற்றோல் போல டீசல் எளிதில் ஆவியாகித் தீப்பற்றாது. அந்த ஒரு சமன்பாடே குழந்தைகள் ஏறும் படகுக்குப் போதிய காரணமாகும். பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றுவது, சிறிய விசிறியை வேகமாகச் சுற்றுவதிலும் பயனுடையது. விசிறி ஏராவின் மறைவில் இருந்தால் சாதாழையும் வலையும் சிக்குவது குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எஞ்சினின் உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்துக் கடையொன்றிற் கிடைக்கவேண்டும், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் ஊர்காவற்றுறையில் இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து பாகம் வரும்வரை கரையிற் கிடக்கும் படகு, படகன்று, விலையுயர்ந்த கோழிக்கூடு.

வாங்கிய பின்னும் சிக்கனம் உடையவரின் கையிலேயே உள்ளது. எங்கள் கடல் வெதுவெதுப்பானது. ஒரு மாதம் கட்டிவைத்த படகின் அடியிற் பாசியும் சிப்பியும் கம்பளிபோல் அப்பிவிடும். அந்தச் சொரசொரப்பை இழுத்துச் செல்வதற்கு எஞ்சின் மேலதிக எண்ணெயைக் குடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை வற்றுநீரிற் சரித்துச் சுரண்டும் பழைய வழக்கம், எந்தப் புதிய கருவியிலும் மலிவான எண்ணெய்ச் சேமிப்பு.

சுகம் என்பதன் பொருளையும் நாம் திருத்திக்கொள்ளவேண்டும். படத்துப் படகுகளில் சுகம் என்பது தோல் மெத்தையும் குளிரூட்டிய அறையுமாக இருந்தது. எங்கள் வெயிலில் முதற் சுகம் நிழல். அணியம் முதல் கடையார்வரை உறுதியான கூரை, இருபக்கமும் காற்றோடும் திறப்பு, மழை வந்தால் இறக்கிவிடும் படங்கு. இரண்டாவது சுகம் இருக்கும் இடம். படகு மேலும் கீழும் ஆடும்போது நடுப்பகுதிதான் குறைவாக ஆடும். ஆகவே முதியோரின் இருக்கை அங்கேயே அமையவேண்டும். மூன்றாவது, எஞ்சினின் புகையும் ஓசையும் அவர்களை அண்டாதிருத்தல். அலையால் மட்டுமன்றிப் புகையாலும் வாந்தி எடுப்பவர்கள் உளர். நாலாவது, கைக்கெட்டும் இடமெல்லாம் பிடித்துக்கொள்ளக் கம்பி. ஐந்தாவது, நெடுந்தீவுவரை செல்லும் பயணத்தில் பெண்களுக்கு மறைவான சிறு கழிப்பறை. ஆண்கள் படகு தெரிவு செய்யும்போது இந்த ஐந்தாவதை மறந்துவிடுகின்றனர், பெண்களோ அதனாலேயே பயணத்தை மறந்துவிடுகின்றனர். இவற்றோடு, ஏறியிருக்கும் ஒவ்வொரு தலைக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும். பெட்டிக்குள் பூட்டியதாகவன்று, கைக்கெட்டுவதாக.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். என் தமையனாரே அதைத் தொலைபேசியில் எழுப்பினார்.

"தம்பி, ஏழு நொட் எண்டால் சைக்கிள் ஓட்டமல்லோ? நடுச்சாமத்திலை அம்மாவுக்கு நெஞ்சு நோவெண்டால் என்ன செய்யிறது?"

நியாயமான கேள்வி. தீவில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் இரவில் விழித்திருந்து தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி. இதையும் ஓட்டியிடம் கொண்டுசென்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், வாடைக்காற்றில் இருபது நொட் படகும் ஏழு நொட்டுக்கு இறங்கித்தான் ஓடவேண்டும் என்றும், அந்த வேகத்தில் தட்டையடிப் படகு தத்தளிக்கும், ஆழ ஊன்றிய படகு நேராகப் போகும் என்றும் சொன்னார். "அந்தச் சாமத்திலை மூண்டு சாமான் வேணும் தம்பி. வள்ளம் வேணும், அதிலை எண்ணெய் வேணும், ஓடத் தெரிஞ்சவன் வேணும். வேகம் நாலாவது" என்று முடித்தார்.

எண்ணெய் வேணும் என்று அவர் சொன்னதன் பொருளை 2022ஆம் ஆண்டு எங்களுக்கு நன்கு உணர்த்தியது. நாடு முழுவதும் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற அந்த ஆண்டில், தீவுகளில் வள்ளங்கள் கரையிற் கவிழ்ந்து கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. எங்கள் தாயார் தொடர்ந்து இரண்டு கிளினிக்குகளுக்குப் போகவில்லை. மருந்தைப் பாதி பாதியாக உடைத்து விழுங்கினார் என்பது பின்னரே எங்களுக்குத் தெரியவந்தது. அன்று எங்கள் துறையில் 300 குதிரைவலுப் படகொன்று நின்றிருந்தால் அது வெறும் அலங்காரமாகவே இருந்திருக்கும். 20 லீற்றர்க் கலனொன்றில் ஆறு தடவை கடலைக் கடக்கும் படகோ, ஒரு மாதத்துக்கு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும். குறைவாகக் குடிக்கும் படகு பணத்தை மட்டும் சேமிப்பதில்லை. பஞ்சத்திலும் ஓடுகின்றது.

சரி, இத்தகைய படகை எங்கே வாங்குவது? வெளிநாட்டிலிருந்து இறக்கினாலன்றி நல்ல படகு கிடையாது என்ற எண்ணம் எங்கள் மக்களிடையே ஊறிவிட்டது. அவர்கள் வல்வெட்டித்துறையின் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும். 1928 முதல் 1931 வரை சிறு பாய்க்கலமொன்றில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்றவர் வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர். கலங்களைப் பற்றி அறிந்தவர், பின்னாளிற் கப்பல் கட்டும் தளமும் நடத்தியவர். அப்படிப்பட்டவர் தமக்கென ஒரு கலத்தை விரும்பியபோது தேர்ந்தெடுத்தது, வல்வெட்டித்துறை மேஸ்திரிமார் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை. தொண்ணூறு அடிக்குச் சற்றுக் குறைவான நீளமுடைய அக்கப்பல், வல்வெட்டித்துறைக் கடலோடிகள் சிலரையும் கொண்டு பெருங்கடல்களைக் கடந்து, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. ரொபின்சன் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். எங்கள் கரையில் எங்கள் கைகளாற் கட்டிய கலத்தை அமெரிக்கர் விரும்பி வாங்கினர். எங்கள் கடலுக்கு அமெரிக்கக் கலத்தை நாம் தேடுகின்றோம்!

அந்தக் கலை முற்றாக அழிந்துவிடவுமில்லை. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்தளம், கண்ணாடிநாரினாற் படகு வார்க்கும் தொழிலை எங்கள் இளைஞர்க்குக் கற்பித்தது. யுத்தம் அதனையும் விட்டுவைக்கவில்லை. எனினும் அச்சுப் போட்டுப் படகு வார்க்கத் தெரிந்த கைகள் குடாநாட்டிலும் தீவுகளிலும் இன்றும் உள. உள்ளூரிற் கட்டிய படகுக்கு உள்ளூரிலேயே ஒட்டுப்போடலாம். இச்சிறு உண்மை எந்த உத்தரவாதப் பத்திரத்திலும் பெறுமதி வாய்ந்தது.

எண்ணெயே வேண்டாத படகு இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். உண்டு. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே, வேம்பநாட்டுக் காயலில், 'ஆதித்யா' என்னும் சூரியப் படகு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. 75 பேரை ஏற்றும் அது 20 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் உடையது. இரண்டு ஒல்லியான உடல்களை இணைத்துக் கட்டிய அமைப்பு. அதனாலேயே சிறிய வலுவில் நழுவிச் செல்கின்றது, குறைவாக ஆடுகின்றது, ஆழமற்ற நீரிலும் போகின்றது. இத்தகைய இரட்டைக் கலத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் எங்கள் 'கட்டுமரம்' என்ற சொல்லின் திரிபு என்பது நாம் அறிந்ததே. பொருள் மாறிவிட்டது, பெயர் மட்டும் எங்களுடையது.

எழுவைதீவுக்கு இது வெறுங் கனவன்று. 2010களிலேயே இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, காற்றாடியும் சூரியத் தகடும் மின்கலமும் டீசல் எஞ்சினும் கூடிய கலப்பு மின்னிலையத்தை எங்கள் சிறு தீவில் அமைத்தது. அதே காற்றும் வெயிலும் படகையும் ஓட்டலாகாதா? கணக்கு இதோ. 15 கிலோவாட் வலுவில் 6 நொட் வேகத்தில் நாலு கடல்மைல் செல்ல 40 நிமிடம், அதாவது 10 அலகு மின்சாரம். படகின் கூரையிலே 5 கிலோவாட் தகடுகளைப் பரப்பினால் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 20 அலகு கிடைக்கும். ஒருமுறை போய்வரப் போதும். ஆனால் காயல் வேறு, சோளகக் கடல் வேறு. மின்கலத்தின் விலையும் உப்புக்காற்றின் அரிப்பும் இன்றைக்குத் தனிக்குடும்பம் ஒன்றுக்குத் தாங்கொணாதன. ஊர் முழுவதற்கும் ஓடும் பொதுப் படகு முதலில் இவ்வழியிற் செல்லட்டும். வீட்டுப் படகு அதைப் பின்தொடரலாம். இதனையும் எண்ணியே, கூரையைத் தட்டையாகவும் உறுதியாகவும் அமைக்கும்படியும், எஞ்சினறையில் இடம் விடும்படியும் தமையனாருக்கு எழுதினேன்.

என் முடிவான சிபாரிசு இதுதான். நீளம் 36 அடி, அகலம் 11 அடி, அமிழும் ஆழம் இரண்டரை அடி. கண்ணாடிநார் உடல், வட்டித்த அடி, ஏராவின் மறைவில் விசிறி. 50 குதிரைவலு டீசல் எஞ்சின் ஒன்று. அதன் பாதி வலுவிலே அன்றாட ஓட்டம், மற்றப் பாதி காற்றெதிர்க்கும் நாளுக்கென இருப்பு. குளிரூட்டிய அறை இல்லை, நிழலுண்டு. தோல் மெத்தை இல்லை, பிடிகம்பியுண்டு. தமையனார் ஒரு கிழமை விடையளிக்கவில்லை. அவர் மனத்தில் நின்ற அந்த வெள்ளைப் படகு அவ்வளவு எளிதில் விலகவில்லை என்பதை உணர்ந்தேன். பின்னர் ஒரு வரியில் எழுதினார்: சைக்கிள் ஓட்டமே போதும், தாம் ஊருக்கு வருவது அவசரப்படுவதற்கன்று.

ஒன்று மட்டும் எங்கள் இருவர் கணக்கிலும் வராமற் போயிருந்தது. வரைபடத்தைத் தாயாரிடம் காட்டினேன். குதிரைவலுவையும் நொட்டையும் பற்றிப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபின்,

"இதிலை ஏற எத்தினை படி மோனை?" என்றார்.

வரைபடத்திற் படியே இல்லை. விளிம்பு மூன்றடி உயரத்தில் நின்றது. அன்றிரவே படகு கட்டுபவருக்கு எழுதி, பக்கவாட்டில் ஒரு கதவும், இறங்குதுறைக் கல்லோடு மட்டமாக வந்து பொருந்தும் இரண்டு அகன்ற படிகளும், இருபுறமும் கைபிடியும் சேர்க்கச் செய்தோம். அதனால் விலை சிறிது கூடிற்று. படகு தேடும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. கடலின் ஆழத்தை ஓட்டியிடம் கேளுங்கள். எண்ணெயின் அளவைக் கணக்கிடம் கேளுங்கள். படியின் உயரத்தை வீட்டில் மிக மூத்தவரிடம் கேளுங்கள். இம்மூவரும் சம்மதித்த பின்னர் வர்ணத்தை நீங்களே தெரிவு செய்யலாம்.